ஜூலு நாடு கலங்கியது ஏன்?



காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தவர்களுக்கு 'ஜூலு' என்னும் பெயர் புதிதன்று. 1906 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நடந்த ஜூலுக் கலகத்தின்போது, அடிகள் இந்தியத் தொண்டர் படை ஒன்றைத் திரட்டிச் சென்று, புண்பட்டுக் கிடந்த ஜூலு மக்களுக்குப் பணிவிடை செய்தார். கலகம் என்று பெயர் பெற்ற அது கலகம்தானா என்னும் ஐயம் அவர் நெஞ்சை உறுத்தியதையும் அந்நூலில் காணலாம். இன்று நான் சொல்லவிருப்பது அதற்கும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு முற்பட்ட செய்தி. வெள்ளையர் ஆட்சி அந்நிலத்தில் கால் ஊன்றாத காலம். அந்த நாளில் ஜூலு மக்களும் அவர்தம் அண்டைக் குடிகளும் பெரியதொரு கொந்தளிப்பில் சிக்கினர். அக்கொந்தளிப்பு எதனால் எழுந்தது என்பதே நம் வினா.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கே டிராகென்ஸ்பர்க் மலைத்தொடர், கிழக்கே இந்துமாக்கடல், வடக்கே பொங்கோலா ஆறு, தெற்கே துகேலா ஆறு. இடைப்பட்ட இந்நிலத்தில் 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் சிறு சிறு குடித்தலைவர் பலர் இருந்தனர். ஆடுமாடு வளர்த்தலும் சோளம் முதலிய தானியங்களை விளைத்தலும் அவர்களுடைய தொழில். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இச்சிறு குடிகள் சில பேரணிகளாகத் திரண்டன. டிங்கிஸ்வாயோ என்பான் தலைமையில் மெதெத்வா மக்கள், ஸ்வீடே என்பான் தலைமையில் என்ட்வாண்ட்வே மக்கள், மேற்கே எங்வானே மக்கள் என இவர்களே முன்னின்றோர். ஜூலுக் குடி அப்போது மிகச் சிறியது. மெதெத்வாவின் நிழலில் வாழ்ந்தது. அதன் தலைவன் சென்சங்ககோனாவின் மகனே ஷாகா. தாய் நாண்டியோடு தந்தையின் இல்லத்தை விட்டகன்று, பிற குடிகளிடையே வளர்ந்து, டிங்கிஸ்வாயோவின் படையில் வீரனாகி, ஏறத்தாழ 1816 இல் ஜூலுத் தலைமையை அடைந்தான். சில ஆண்டுகளில் டிங்கிஸ்வாயோ ஸ்வீடேயின் கையில் மாண்டான். பின்னர் ஷாகா ஸ்வீடேயை முறியடித்தான். தோற்றவர்கள் கலைந்தோடினர். சோஷங்கானே என்பான் இன்றைய மொசாம்பிக்கின் தென்பகுதியில் காசா அரசை நிறுவினான். ஸ்வாங்கெண்டாபா தன் மக்களோடு வடக்கு நோக்கி நடந்து 1835 நவம்பரில் சாம்பெசி ஆற்றைக் கடந்தான். கடந்த வேளையில் சூரிய கிரகணம் நேர்ந்ததாக அவர்தம் வழிவந்தோர் நினைவு கூர்ந்தமையால் நாளையே கணிக்க முடிகிறது. ஷாகாவை விட்டுப் பிரிந்த முசிலிகாசி மேட்டுநிலத்தில் உலவி, முடிவில் இன்றைய சிம்பாப்வேயில் குடியேறினான். ஷாகாவோ 1828 செப்டம்பரில் தன் மாற்றாந்தாய் வயிற்று உடன்பிறந்தோர் கையால் கொலையுண்டான்.

இந்நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் சேர்த்து 'முஃபெகானே' என்று பெயர் வழங்கினர். எரிக் வாக்கர் என்னும் வரலாற்றாசிரியர் 1928 இல் தம் நூலில் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டார். அதன்பின் அது பாடநூல்களில் நிலைபெற்றது.

எங்கள் வகுப்பறைகளில் இதற்குக் கிடைத்த இடம் இரண்டு வரிதான். ஷாகா ஒரு கொடுங்கோலன், அவன் படைகள் அண்டை நாடுகளைச் சூறையாடின, நாடு காடாயிற்று. அவ்வளவே. வினாத்தாளில் 'காரணங்கள் யாவை?' என்று கேட்டால் ஐந்து காரணங்களை எண்ணிட்டு எழுதுவது மாணவர் வழக்கம். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் இடுவது ஆசிரியர் வழக்கம். நானும் முப்பது ஆண்டுக்கு மேல் அப்படித்தான் விடைத்தாள் திருத்தினேன். அந்த ஐந்தும் தமக்குள் என்ன உறவுடையன, எது முந்தியது, எது எதைத் தூண்டியது என்று ஒருவரையும் கேட்டேனில்லை. காரணங்களை அடுக்குதல் எளிது. ஒன்றோடொன்று பொருத்துதலே அரிது.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் காகிதக் கூழால் மலையும் ஆற்றுப் படுகையும் செய்தோம். நிலநூல் கற்பித்த ஆசிரியர், செய்து முடித்த மலையைப் பாராட்டவில்லை. ஒரு குவளை நீரை அதன் உச்சியில் ஊற்றினார். நாங்கள் நீலம் தீட்டியிருந்த ஆற்றின் வழியே நீர் ஓடவில்லை. வேறு பக்கம் வழிந்தது. 'உங்கள் மலை அழகாக இருக்கிறது, ஆனால் பொய்' என்றார். வரலாற்றில் காரணம் கூறுவோர் செய்வதும் ஒரு மாதிரி மலைதான். உண்மையான ஆண்டுகளையும் அளவுகளையும் அதன்மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிகள் ஓடிய வழியே அவை ஓடினால் மாதிரி நன்று. இல்லையேல் மறுபடியும் கூழ் பிசைய வேண்டியதே.

ஷாகா ஒருவனே காரணம் என்னும் மாதிரியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்வீடேயின் நெருக்குதலால் சோபூசாவின் மக்கள், அதாவது இன்றைய சுவாசி மக்களின் முன்னோர், வடக்கே பெயர்ந்தது ஷாகா வலிமை பெறுவதற்கு முன்பே. மேற்கே இருந்த எங்வானே மக்களைத் தலைவன் மத்திவானேயோடு மலைப்பக்கம் துரத்தத் தொடங்கியதும் ஷாகாவின் படை அன்று. தீ பற்றிய பின் வந்தவனைத் தீ வைத்தவன் என்று எப்படிச் சொல்வது? மேலும், ஷாகாவின் கொடுமையை உலகுக்கு அறிவித்தவர் யாவர் என்றும் பார்க்க வேண்டும். 1824 இல் நேட்டால் துறைமுகத்திற்கு வந்த ஆங்கில வணிகர் ஹென்றி ஃபின். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த நத்தானியல் ஐசக்ஸ். ஃபின் எழுதிய முதற் குறிப்புகள் அவருடைய உடன்பிறந்தாரின் உடலோடு புதைக்கப்பட்டன. பின்னர் அவர் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். அது நூலாக வெளிவந்தது 1950 இல். ஐசக்ஸ் 1832 இல் ஃபின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலு அரசர்களை இயன்றவரை குருதி வெறியர்களாகத் தீட்டுமாறும், அது நூலைப் பருக்கச் செய்து மக்களைக் கவரும் என்றும் அதில் யோசனை கூறினார். அக்கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது. ஷாகா சாந்த மூர்த்தி என்று நான் சொல்லவில்லை. 1827 இல் தாய் இறந்தபோது அவன் நடத்திய துக்கத்தில் பலர் மாண்டதை ஜூலு மரபும் மறுக்கவில்லை. ஆனால் சாட்சி கூறுபவருக்கு வழக்கில் ஆதாயம் இருக்குமானால், அந்தச் சாட்சியத்தை நீதிபதி தனியே வைத்து நோக்குவார் அல்லவா?

நல்ல வேளையாக மறுபக்கச் சாட்சியமும் எஞ்சியுள்ளது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் நேட்டால் அதிகாரி, 1897 முதல் 1922 வரை, ஏறக்குறைய இருநூறு பேரை, பெரும்பாலும் முதியோரை, அமரவைத்துப் பேசச்செய்து, கேட்டதைக் கேட்டவாறு எழுதி வைத்தார். அக்குறிப்புகளின் முதல் தொகுதி 1976 இல் வெளியாயிற்று. அவர்களுள் ஷாகாவைப் போற்றியோரும் உளர், தூற்றியோரும் உளர். தோற்ற குடியில் பிறந்தவன் ஒரு வகையாகவும், வென்ற குடியில் பிறந்தவன் வேறு வகையாகவும் சொல்கிறான்.

இனிப் புல்லுக்கு வருகிறேன். புல்லா என்று நகைக்க வேண்டா. எனக்கு இந்தப் பொருளில் ஆர்வம் பிறந்ததே புல்லைப் பற்றிப் படித்த பிறகுதான்.

ஜூலு நாட்டில் மழை, அக்டோபர் முதல் மார்ச்சு வரை பெய்யும். மழை மிகுந்த மேட்டுப் பகுதிகளில் வளரும் புல்லைப் 'புளிப்புப் புல்' என்பர். முதல் மழைக்குப் பின் ஏறத்தாழ நான்கு மாதம் மாடு அதனை விரும்பி மேயும். அதன்பின் அது முற்றிச் சத்திழந்து விடும். மழை குறைந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வளர்வது 'இனிப்புப் புல்'. அது காய்ந்த பின்னும் சத்துடையது; குளிர்காலம் முழுதும் மாட்டைக் காக்கும். ஆனால் அது மெல்லியது; மிகுதியாக மேய்ந்தால் அழிந்து முட்புதர் மண்டும். எனவே ஆண்டு முழுதும் ஆநிரை வாழ வேண்டுமாயின் இரண்டு வகை நிலமும் ஒரு தலைவன் கைக்குள் இருக்க வேண்டும். பொங்கோலாவுக்கும் துகேலாவுக்கும் இடையே ஆறுகள் ஆழமாக வெட்டிச் செல்வதால் இருவகைப் புல்லும் அருகருகே அமைந்தன. மாடு பெருகியது, மக்களும் பெருகினர். பெருகியவை இனிப்புப் புல்லைத் தின்று தீர்த்தபோது, முன்பு அருகே கிடைத்த குளிர்கால மேய்ச்சலுக்குத் தொலைவு செல்ல நேர்ந்தது. தொலைவில் உள்ளது பிறனுடைய நிலம். ஜெஃப் கை என்னும் வரலாற்றாசிரியர் 1980 இல் இக்கருத்தை விரித்து எழுதினார்.

மக்கட் பெருக்கமே காரணம் என்று அவருக்கு முன்னரே மாக்ஸ் குளுக்மன் என்னும் மானிடவியல் அறிஞர் கூறியிருந்தார். அக்காலத்தில் தலைக்கணக்கு எடுத்தவர் இல்லை. ஆகவே அவர் மாதிரியில் ஊற்ற நீர் கிடைக்கவில்லை. கை செய்த நன்மை என்னவெனில், தலைகளை எண்ணும் வேலையை விட்டுப் புல்லை அளந்து பார்த்தார்.

மாடு அம்மக்களுக்கு வெறும் பாலும் இறைச்சியும் அன்று. மணம் முடிக்கப் பெண்வீட்டாருக்கு மாடுகளைப் பரிசமாகக் கொடுத்தல் வேண்டும். மாடு இல்லாதவனுக்கு மனைவி இல்லை. மனைவி இல்லாதவனுக்குத் தனி இல்லமும் விளைநிலமும் இல்லை. ஆகவே தலைவன் கையில் மாடு குவிந்தால், இளைஞர்களின் வாழ்வே அவன் கையில் அடங்கும். இதனோடு ஒரு பழைய வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒத்த வயதினரான இளைஞர்களைச் சடங்கு செய்து ஒரு குழுவாகச் சேர்ப்பது அந்நாட்டு மரபு. அக்குழுவுக்கு 'இபுத்தோ' என்று பெயர். முதலில் தலைவனுக்கு வேட்டையாடவும் பயிரிடவும் மாடு மேய்க்கவும் அக்குழுக்கள் பயன்பட்டன. பிறகு போருக்கும் பயன்பட்டன. இதனை ஷாகா கண்டுபிடித்ததாகச் சொல்வது பிழை. மெதெத்வாவிலும் என்ட்வாண்ட்வேயிலும் இது முன்பே வளர்ந்திருந்தது. ஷாகா செய்தது அதனை முழு அரசாக விரித்ததே. அவன் நாட்டில் இளைஞர் ஆண்டுக்கணக்கில் அரசனின் படைவீடுகளிலேயே தங்கினர். அரசன் ஆணை பிறக்கும்வரை மணம் செய்தல் கூடாது. முப்பது வயதைக் கடந்தும் பலர் மணமாகாது இருந்தனர். பெண்களுக்கும் அவ்வாறே வயதுக் குழுக்கள் இருந்தன. மணம் தள்ளிப்போனால் புதிய இல்லங்கள் தோன்றுவது குறையும்; பிறப்பும் குறையும்; புல்லுக்கும் சிறிது ஓய்வு கிடைக்கும். இதனை அவன் எண்ணிச் செய்தானா என்பது வேறு. விளைவு அதுவே.

புல் மழையின் பிள்ளை. மழையைப் பற்றி நமக்குச் சான்று கூறுவன மரங்கள். அடிமரத்தை அறுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். நல்ல மழை ஆண்டில் வளையம் அகலும், வறண்ட ஆண்டில் சுருங்கும். மார்ட்டின் ஹால் என்னும் தொல்லியலார் நேட்டாலின் கார்க்லூஃப் பகுதி மரம் ஒன்றை 1976 இல் இவ்வாறு ஆராய்ந்தார். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நல்ல மழையும் அதன்பின் வறட்சியும் அதில் புலப்பட்டன. ஒரு மரத்தை வைத்து ஒரு நாட்டின் மழையைச் சொல்லலாமா என்று பிறர் வினவினர்; வினவியது முறையே. பின்னர் சிம்பாப்வே மரங்களின் வளையங்களும் ஆராயப்பட்டன. ஆயினும் மரத்தைவிட மக்களின் நினைவு இங்கே திட்டமாகப் பேசுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நேர்ந்த ஒரு பஞ்சத்தை அவர்கள் 'மட்லத்தூலே' என்றனர். 'உண்டுவிட்டு வாய் திறவாதே' என்பது போன்ற பொருள் அதற்கு. உண்ண ஏதேனும் இருப்பது பிறர்க்குத் தெரிந்தால் அதுவும் பறிபோகும் என்னும் நிலை. தனித்தனி இல்லங்களில் சிதறி வாழ்ந்தோர், களஞ்சியத்தைக் காப்பதற்காகப் பேரூர்களில் கூடினர் என்றும் மரபு கூறுகிறது. கடலோரப் போர்ச்சுகீசியர் வழியாக வந்து பரவிய மக்காச்சோளமும் இங்கே தன் பங்கைச் செய்தது. மழை பெய்தால் பழைய சோளத்தைவிட மிகுதியாக விளையும். மழை பொய்த்தால் முன்னதாகக் கருகும். நல்ல காலத்தில் மக்களைப் பெருக்கிவிட்டுப் பஞ்சகாலத்தில் கைவிடும் பயிர் அது.

அண்மையில் சிலர் எரிமலைகளையும் இக்கதைக்குள் கொண்டுவந்துள்ளனர். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. 1809 இல் எங்கோ ஒரு மலை வெடித்ததைத் துருவப் பனிப்பாறையில் படிந்த கந்தகம் காட்டுகிறது. உலகின் வானிலையை இவை கெடுத்தமை மெய். ஆனால் மட்லத்தூலேப் பஞ்சம் 1809 க்கு முந்தியது. பின்னே வெடித்த மலை முன்னே வந்த பஞ்சத்துக்குக் காரணம் ஆகாது. பிந்திய துன்பத்தை அவை மிகுவித்திருக்கலாம். அவ்வளவே அவற்றுக்கு நாம் தரக்கூடிய இடம்.

வறட்சி மட்டுமே போதுமா? அந்நிலம் முன்பும் வறட்சி கண்டதுண்டு. அப்போது மக்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து பல திசைகளில் போயினர். இம்முறை பிரியாமல் பேரரசுகளாகத் திரண்டது ஏன்? மழையை மட்டும் ஊற்றினால் நம் மலையில் நீர் இவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

இங்கேதான் டெலகோவா விரிகுடா துணைக்கு வருகிறது. இன்றைய மாப்புட்டோ நகரம் அதன் கரையில் உள்ளது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராய் இருந்த வில்லியம் போல்ட்ஸ் என்பவர், ஆஸ்திரியக் கொடியின்கீழ் 1777 இல் அங்கே பண்டசாலை அமைத்துத் தந்தம் வாங்கினார். 1781 இல் போர்ச்சுகீசியர் அதனை அகற்றினர். அங்கிருந்து சென்ற தந்தம் இந்திய மேற்குக் கரையையும் அடைந்தது. யானை வேட்டைக்குப் பலர் கூட வேண்டும். பரந்த காடு வேண்டும். ஆகவே இளைஞர் குழுக்களைத் தலைவர்கள் பெரிதாக்கினர். தந்தத்துக்கு மாறாகப் பெற்ற பித்தளையையும் துணியையும் மணிகளையும் பங்கிட்டுத் தம் வலிமையைப் பெருக்கினர். பின்னர் அவ்விரிகுடாவுக்கு வந்த திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இறைச்சிக்கு மாடு கேட்டன. யானையைத் துரத்திய குழு மாட்டைத் துரத்தத் தொடங்கியது என்று கருதும் ஆய்வாளர் உளர். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. பஞ்சம் வருமுன்பே படை போன்ற ஓர் அமைப்பு ஆயத்தமாக நின்றது. பஞ்சம் வந்தபோது அது பயன்பட்டது. படைக்கு இறைச்சி வேண்டும். இறைச்சிக்குக் கொள்ளை வேண்டும். கொள்ளையிடப்பட்டவனுக்கும் தன்னைக் காக்கப் படை வேண்டும். ஒருமுறை சுழலத் தொடங்கினால், மழை திரும்பி வந்தாலும் இச்சக்கரம் நிற்காது.

1988 இல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் காபிங் என்பவர் ஒரு கட்டுரையால் இத்துறையையே உலுக்கினார். முஃபெகானே என்பதே வெள்ளையர் தம்மைக் காத்துக்கொள்ளப் புனைந்த சாக்கு என்றார். டெலகோவாவின் அடிமை வணிகமும், தென்மேற்கிலிருந்து குதிரையும் துப்பாக்கியும் கொண்டு வந்த ஆள்பிடிப்போரும் உண்டாக்கிய அழிவை ஷாகாவின் தலையில் சுமத்திவிட்டனர் என்பது அவர் வாதம். எலிசபெத் எல்ட்ரெட்ஜ் என்பார் 1992 இல் ஆண்டுகளை எடுத்து வைத்து மறுமொழி கூறினார். டெலகோவாவிலிருந்து அடிமை ஏற்றுமதி பெருகியது 1820 களில்தான். கொந்தளிப்போ அதற்கு முன்பே மூண்டுவிட்டது. மேலும் எல்லாக் காரணத்தையும் வெளியாரிடமே வைத்தால், அந்நாட்டு மக்கள் பிறர் நகர்த்தும் காய்கள் ஆகிவிடுகின்றனர் என்றும் பலர் குறைகூறினர். 1991 இல் ஜோகானஸ்பர்க்கில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடியது.

காபிங்கின் காலக்கணக்கு தவறியது. ஆனால் சாக்கு என்று அவர் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 'கறுப்பர் ஒருவரையொருவர் கொன்று நிலத்தை வெறிதாக்கினர். வெற்று நிலத்தில்தான் நாம் குடியேறினோம்' என்பது வெள்ளையர் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. மாண்டவர் பத்து லட்சம், இருபது லட்சம் என்று எண்கள் ஏறின, எண்ணியவர் எவருமில்லை. அந்தக் கதையின் நிழலிலேயே 1913 ஆம் ஆண்டு நிலச் சட்டம் பிறந்து, நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நிலத்தை மட்டும் ஒதுக்கியது. பின்னர் 1936 இல் அது பதின்மூன்று பங்களவாக உயர்த்தப்பட்டது.

நிலம் வெறிதாய் இருந்ததா என்பதற்கு நம்மவர் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1843 இல் நேட்டாலைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் அங்கே கரும்புத் தோட்டங்கள் அமைத்தனர். அவற்றில் கூலிக்கு உழைக்க அந்நாட்டு மக்கள் போதிய அளவில் முன்வரவில்லை. தமக்கென்று மாடும் விளைநிலமும் உடையவர் பிறன் தோட்டத்துக்கு ஏன் போகவேண்டும்? தோட்டக்காரர் ஓயாது முறையிட்டனர். அதன் பயனாகவே 1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. ஆளில்லாத நாட்டில், ஆட்கள் வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்று எவரேனும் முறையிடுவரோ?

அப்படியாயின் ஷாகாவுக்கு நம் மாதிரியில் இடமே இல்லையா? உண்டு. புல்லும் மழையும் வணிகமும் மக்களை ஒரு முனைக்குத் தள்ளின. அம்முனையில் எவன் வெல்வான், வென்றபின் என்ன செய்வான் என்பவற்றை அவை முடிவு செய்யவில்லை. ஸ்வீடே வென்றிருந்தால் இன்று நாம் என்ட்வாண்ட்வே நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இதற்குச் சான்றாக மலைக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். அங்கும் அதே வறட்சி, அதே துரத்தல், ஓடி வந்தோர் பெருங்கூட்டம். மொஷ்வேஷ்வே என்னும் சிறு தலைவன் 1824 இல் தன் மக்களோடு தாபா போசியூ என்னும் தட்டையான உச்சியுடைய குன்றின்மேல் ஏறினான். அடைக்கலம் என்று வந்தவர்க்கு மாடுகளை இரவலாகக் கொடுத்தான். பால் அவர்களுக்கு, மாடு இவனுக்கு. பிறந்த குடி எது என்று கேளாமல் சேர்த்துக்கொண்டான். 1831 இல் முசிலிகாசியின் படை அக்குன்றைத் தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பியது. பசியோடு திரும்பும் அப்படைக்கு, வழியில் உண்ணுமாறு, மொஷ்வேஷ்வே மாடுகளை அனுப்பி வைத்தான். அவர்கள் மறுபடியும் வரவில்லை. குன்றின்மேல் கூடிய அந்தக் கலப்பு மக்களே பாசுட்டோ மக்கள் ஆயினர். அவர்கள் நாடு 1966 அக்டோபரில் லெசோத்தோ என்னும் பெயரோடு விடுதலை பெற்றது.